தந்தை கேட்காத பலி

தந்தைக்காகத் தன் உயிரையே கொடுத்த மகனின் கதை. 'தி விசிட்டர்' எபிசோடைப் பற்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருவது இதுதான். 1995 அக்டோபரில் ஒளிபரப்பான அது, 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் நான்காவது சீசனைச் சேர்ந்தது. மைக்கேல் டெய்லர் எழுதினார், டேவிட் லிவிங்ஸ்டன் இயக்கினார். மறு ஆண்டு ஹ்யூகோ விருதின் இறுதிப் பட்டியல் வரை வந்து, 'பாபிலோன் 5' தொடரிடம் பரிசைப் பறிகொடுத்தது. ஸ்டார் ட்ரெக்கின் சிறந்த எபிசோடுகள் என்று ரசிகர்கள் போடும் பட்டியல்களில் இன்றும் அது முன்வரிசையில் நிற்கிறது. அதில் முதுமையடைந்த மகன் ஜேக்காக நடித்த டோனி டாட் 2024 நவம்பரில் மறைந்தபோது வந்த அஞ்சலிகளிலும் அதன் பெயர் அடிபட்டது. பாராட்டில் எனக்கு மறுப்பில்லை. எதற்காகப் பாராட்டுகிறார்கள் என்பதில்தான் மறுப்பு. மகனின் தியாகத்தைப் போற்றும் கதையாக இதைப் பார்ப்பவர்கள், கதைக்குள் இருக்கும் தந்தை வாய்விட்டுச் சொல்வதைக் காதில் வாங்கவே இல்லை.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். லூசியானாவின் சதுப்பு நிலத்தில் ஒரு வீடு. புயல் மழை இரவு. எழுதுவதை எப்போதோ விட்டுவிட்ட முதிய எழுத்தாளர் ஜேக் சிஸ்கோவின் கதவை மெலனி என்ற இளம்பெண் தட்டுகிறாள். எழுத்தாளராக வேண்டும் என்ற ஆசை அவளுக்கு. நீங்கள் ஏன் எழுதாமல் போனீர்கள் என்று கேட்கிறாள். அவர் சொல்லத் தொடங்குகிறார். பதினெட்டு வயதில், வார்ம்ஹோல் என்ற விண்வெளிச் சுரங்கவழியில் நிகழவிருந்த ஓர் அபூர்வக் காட்சியைப் பார்க்க, அப்பா பென்ஜமின் சிஸ்கோவோடு 'டிஃபையன்ட்' கப்பலில் அவர் போயிருந்தார். எஞ்சினில் கோளாறு ஏற்பட்டது. அதைச் சரிசெய்துகொண்டிருந்த அப்பாவின் மேல் ஆற்றல் வீச்சு ஒன்று பாய்ந்து, மகனின் கண்ணெதிரே அவரை இல்லாமல் செய்துவிட்டது.

அப்பா சாகவில்லை. காலத்துக்கு வெளியே, சப்ஸ்பேஸில் சிக்கிக்கொண்டிருந்தார். பல ஆண்டு இடைவெளிகளில், மகன் எங்கே இருக்கிறானோ அங்கே சில நிமிடங்கள் தோன்றுவார், மறுபடி மறைவார். இதற்கிடையில் மகன் நாவல் வெளியிடுகிறான், கொரீனாவை மணக்கிறான். நாற்பதை நெருங்கும் வயதில் அப்பா மீண்டும் ஒருமுறை வந்து மறைந்ததும், எழுத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு சப்ஸ்பேஸ் இயக்கவியல் படிக்கப் போகிறான். கொரீனா பிரிந்து போகிறாள். பல ஆண்டுகளுக்குப் பிறகு, நண்பன் நாக்கின் உதவியோடு பழைய கப்பலை எடுத்துப்போய், அதே விபத்தை மறுபடி உண்டாக்கி அப்பாவை மீட்கப் பார்க்கிறான். தோற்றுப்போகிறான். கடைசியில்தான், முதியவரான பிறகு, ஜேக்குக்குப் புரிகிறது: அப்பாவைத் தன் காலத்தோடு பிணைத்து இழுத்துக்கொண்டிருப்பது தானேதான். அப்பா பக்கத்தில் இருக்கும்போது மகன் இறந்தால், அப்பா விபத்து நேர்ந்த அந்தக் கணத்துக்கே திரும்பிவிடுவார். மெலனி கதவைத் தட்டிய இரவில் ஜேக் உயிர்போக்கும் மருந்தைத் தனக்குச் செலுத்திக்கொண்டுவிட்டார்.

இந்தச் சுருக்கத்தை மட்டும் கேட்டால் தியாகக் கதைதான். எபிசோடைப் பார்த்தால் வேறு. அப்பா தோன்றும் காட்சிகளில் அவர் எதை விசாரிக்கிறார் என்று கவனியுங்கள். மணமான மகனின் வீட்டில் தோன்றும் சிஸ்கோ, தன்னை எப்படி மீட்கப் போகிறாய் என்று கேட்பதில்லை. மருமகளைப் பார்த்து மகிழ்கிறார். மகன் எழுதிய புத்தகத்தைப் பார்த்துப் பெருமைப்படுகிறார். பேரக் குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறார். கையில் இருக்கும் சில நிமிடங்களை மகனின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளச் செலவிடுகிறார். அதற்குப் பிறகு, மீட்பு முயற்சியின்போது சப்ஸ்பேஸில் நடக்கும் சந்திப்பில், மகனின் முகத்தில் முதுமையைக் காண்கிறார். எழுத்து போயிற்று, மனைவி போனாள், பிள்ளை இல்லை என்று தெரிந்ததும் பதறிப்போகிறார். என்னை விட்டுவிடு, இனியாவது உனக்கென்று வாழ், சத்தியம் செய் என்று கெஞ்சுகிறார். சிஸ்கோவாக நடித்த எவரி ப்ரூக்ஸின் குரல் அந்த இடத்தில் உடைகிறது. தனக்காக மகன் செய்தவற்றில் ஒன்றைக்கூட அந்தத் தகப்பன் ஏற்றுக்கொள்ளவில்லை. தன் பொருட்டு ஓர் உயிர் வீணாகிவிட்டதே என்ற திகில்தான் அவர் முகத்தில் இருக்கிறது. இந்தக் காட்சியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்பேர்ப்பட்ட மகன் என்று சொல்ல எப்படி முடிகிறது?

படைப்பாளிகளும் அந்த ஆண்டுகளைப் போற்றவில்லை. மகன் இரவு பகலாகப் படித்து அறிவியலாளன் ஆவதை வெற்றிப் பயணமாகக் காட்ட நினைத்திருந்தால் அது கடினமே அல்ல. இங்கே அவை சில நிமிடங்களில் கடந்துபோகின்றன. மிஞ்சுவது, தன்னை ஏறிட்டும் பார்க்காத கணவனை ஒரு பெண் விட்டுப் போவது மட்டும். அத்தனை உழைப்புக்குப் பின் நடக்கும் மீட்பு முயற்சியும் தோற்கிறது. தியாகத்தைக் கொண்டாடும் கதை தன் தியாகிக்கு இப்படியா கூலி கொடுக்கும்?

இதற்கான வேரைத் தேட, தொடரின் முதல் எபிசோடுக்கே போக வேண்டும். 1993 ஜனவரியில் வந்த 'எமிசரி' அது. அதைப் பார்க்காமல் 'தி விசிட்டர்' பற்றிப் பேசுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் பேசுகிறார்கள். வுல்ஃப் 359 போரில் சிஸ்கோவின் மனைவி ஜெனிஃபர் 'சரடோகா' கப்பலில் இறந்துபோனாள். சிறுவன் ஜேக்கை மட்டும்தான் அவரால் காப்பாற்ற முடிந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து வார்ம்ஹோலுக்குள் அவர் சந்திக்கும் உயிர்களுக்கு நேர்கோட்டுக் காலம் என்பதே தெரியாது. நேற்று, இன்று, நாளை என்றால் என்ன என்று பேஸ்பால் ஆட்டத்தை வைத்து அவற்றுக்கு விளக்குகிறார். ஒரு பந்து எறியப்பட்ட பிறகுதான் அடுத்தது என்ன என்று தெரியும், அந்தத் தெரியாமையில்தான் நாங்கள் வாழ்கிறோம் என்கிற பொருளில் பேசுகிறார். அந்த உயிர்களோ அவரை மறுபடி மறுபடி அதே எரியும் கப்பலுக்கு, மனைவியின் உடல் கிடக்கும் அறைக்கே கொண்டுபோகின்றன. அவர் எதிர்க்கிறார், கத்துகிறார். இங்கே இருப்பது நீதான் என்று அவை சொல்லும்போதுதான் உடைந்து அழுகிறார். மூன்று ஆண்டுகளாக, காலம் நேர்கோட்டில் போகும் என்று பாடம் எடுத்த அந்த மனிதரே ஒரே கணத்தில் நின்றுவிட்டிருந்தார்.

ஆகவே இழப்பின் கணத்திலேயே நின்றுவிடும் அந்த நோய் சிஸ்கோவுக்கு வெளியிலிருந்து தெரிந்த ஒன்றல்ல. அதிலிருந்து எழுந்து வந்தவர் அவர். சப்ஸ்பேஸில் மகனைப் பார்த்ததும் அவருக்கு என்ன நேர்கிறது என்று இந்த வெளிச்சத்தில் யோசித்துப் பாருங்கள். தான் மூன்று ஆண்டுகள் கிடந்த குழியில் மகன் பல பத்தாண்டுகள் கிடந்திருக்கிறான், அதுவும் தன்னை முன்னிட்டு. என்னை விட்டுவிடு என்று அவர் கேட்பதை வழக்கமான பெருந்தன்மை என்று கடந்துபோக முடியாது. வலி தெரிந்தவரின் கட்டளை அது. 'எமிசரி' அப்பாவுக்கு நடந்தது, 'தி விசிட்டர்' மகனுக்கு நடந்தது, கதை ஒன்றுதான் என்பேன் நான். முதலாவதைத் துயரத்திலிருந்து மீண்டவனின் கதை என்று சரியாகப் புரிந்துகொண்ட ரசிகர்கள், இரண்டாவதில் துயரத்தையே அணிகலனாக்கிவிட்டார்கள்.

இந்த அப்பா எப்படிப்பட்டவர் என்பதற்கு இன்னும் சான்றுகள் இருக்கின்றன. 1994ல் வந்த 'ஷேடோப்ளே' எபிசோடில் ஜேக், எனக்கு அப்பாவின் விண்படையான ஸ்டார்ஃப்ளீட்டில் சேர விருப்பமில்லை என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறான். ஒரு விண்நிலையத்தின் தளபதியிடம் அவர் மகன் சொல்லும் சொல் இது. சிஸ்கோ முகம் சுளிக்கவில்லை. உனக்குப் பிடித்ததைத் தேடிக்கொள் என்கிறார். மறு ஆண்டு 'எக்ஸ்ப்ளோரர்ஸ்' எபிசோடில், எழுத்துக்காக பென்னிங்டன் பள்ளியில் இடம் கிடைத்தும், அப்பாவைத் தனியே விட மனமில்லாமல் ஓராண்டு தள்ளிப்போடுகிறான் ஜேக். அப்பாவுக்காகத் தன் வாழ்க்கையைத் தள்ளிவைக்கும் பழக்கம் விபத்துக்கு முன்பே அந்தப் பிள்ளையிடம் முளைவிட்டிருந்தது. அங்கே அது ஓராண்டோடு போகும் அன்பான விட்டுக்கொடுத்தல். 'தி விசிட்டர்' கேட்பது, அந்த ஓராண்டு ஆயுள் முழுவதும் நீண்டால் என்ன ஆகும் என்று.

மகாபாரதத்தில் யயாதி கதை நமக்கெல்லாம் தெரியும். சுக்கிராச்சாரியாரின் சாபத்தால் அகாலத்தில் கிழவனான அரசன், தன் முதுமையை வாங்கிக்கொண்டு இளமையைத் தரும்படி பிள்ளைகளிடம் கேட்கிறான். மூத்தவர்கள் மறுக்கிறார்கள், இளையவன் புரு கொடுக்கிறான். ஆயிரம் ஆண்டு அனுபவித்து, ஆசை அடங்காது என்று கண்ட பிறகுதான் யயாதி அதைத் திருப்பித் தருகிறான். கொடுத்தவனுக்கு அரியணை, மறுத்தவர்களுக்குச் சாபம். பிள்ளைப் பாசம் என்றதும் புருவின் நிழல் வந்து விழுவது நம் பழக்கம். அமெரிக்க ரசிகர்களிடமும் வேறு கதைகளின் வழியாக அதே பழக்கம் இருக்கிறது போலும். அவர்கள் ஜேக்கைப் புருவாக்கிவிட்டார்கள். அவனுக்கு எதிரே நிற்பவன் யயாதி இல்லை என்பதை மறந்துவிட்டார்கள். இந்தத் தகப்பன் கேட்கவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்ளவும் இல்லை. திருப்பித் தர ஆயிரம் ஆண்டு காத்திருக்கவும் இல்லை, கண்ட கணத்திலேயே திருப்பி எடுத்துக்கொள் என்கிறான்.

எபிசோடு முழுவதும் ஜேக்கின் வாயால் சொல்லப்படுவதால் நாம் அவர் பக்கமே உட்கார்ந்துவிடுகிறோம். ஒருமுறை அப்பாவின் பக்கம் போய் உட்காருங்கள். அவருக்கு இடைவெளிகள் கிடையாது. ஒரு தோற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மகனுக்குக் கழிவது ஆண்டுகள், அவருக்கோ கணங்கள். சற்று முன் கையில் கருவியை எடுத்துத் தந்த பதினெட்டு வயதுப் பையன் திடீரென்று நடுவயதுக்காரன். உடனே நரைத்தவன். உடனே சாகக் கிடக்கும் கிழவர். கண்ணெதிரே, நிறுத்த வழியில்லாமல், தன் பிள்ளையின் ஆயுள் முழுவதும் எரிந்துபோவதை அவர் பார்க்கிறார். கடைசியாக வரும்போது அந்தப் பிள்ளை தன்னைவிட மூத்தவன், தன் கைக்குள்ளேயே உயிரை விடப் போகிறவன். ஒரு தகப்பனுக்கு இதைவிடக் கொடிய தண்டனை உண்டா? 2014ல் வந்த 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தில், இளமை மாறாமல் திரும்பி வரும் அப்பாவை, மரணப் படுக்கையில் இருக்கும் மகள் மர்ஃப் அனுப்பி வைத்துவிடுகிறாள். பிள்ளை சாவதைப் பெற்றவர் பார்க்கக் கூடாது என்பது அவள் எண்ணம். சிஸ்கோவுக்கு அந்தக் கருணை கிடைக்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்த பிறகும் அந்த மரணத்தை அவருக்குக் கிடைத்த பரிசு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி இங்கேதான் வரும். அப்பா என்ன சொன்னால் என்ன, கடைசியில் ஜேக் செத்துத்தானே அவரைக் காப்பாற்றினார், அது தியாகம் இல்லாமல் வேறென்ன? நியாயமான கேள்வி. பதில் அந்தக் கடைசிக் காட்சியிலேயே இருக்கிறது. ஏன் இப்படிச் செய்தாய் என்று அப்பா துடிக்கும்போது முதிய ஜேக் சொல்லும் காரணத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் அப்பா. இன்னொருவன், அன்று அந்த எஞ்சின் அறையில் தனியே விடப்பட்ட பையன். உங்களுக்குத் தெரிந்ததைவிட அவனுக்கு நீங்கள் அதிகம் தேவை என்கிறார். அந்த வயதில் ஜேக் கதையின் மூத்த மனிதர். எதிரே மண்டியிட்டிருக்கும் சிஸ்கோ அவரைவிட மிக இளையவர். தாயும் இல்லாத ஒரு பிள்ளைக்கு அப்பாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு முதியவர் முடிவெடுக்கிறார். பெற்றவர் செய்யும் வேலை இது. பெற்ற கடனைத் தீர்க்கும் மகன் அங்கே இல்லை. தன்னைத் தாயாக இருந்து வளர்த்த உறவுப் பெண்மணியைப் படப்பிடிப்புக்குச் சற்று முன்னர்தான் டோனி டாட் இழந்திருந்தார். அந்தத் துக்கத்தை இந்த வேடத்தில் கொட்டியதாகப் பின்னாளில் அவர் சொன்னதுண்டு. அந்தக் காட்சியில் அவர் கண்களில் தெரிவது தன்னைப் பலியிடுகிறவரின் பெருமிதம் இல்லை. இழந்த ஒன்று ஒரு சிறுவனுக்காவது திரும்பக் கிடைக்கட்டும் என்ற ஆசை.

அப்பாவின் சொல்லைக் கேட்ட பிறகுதான் ஜேக் இந்த முடிவுக்கு வருகிறார் என்பதையும் மறக்கக் கூடாது. கப்பலில் தோற்றுத் திரும்பியவர் ஆராய்ச்சியைக் கைவிட்டு மறுபடி எழுத உட்காருகிறார். கதைகள் பிறக்கின்றன. மெலனியை வழியனுப்பும்போது அந்தக் கையெழுத்துப் பிரதியை அவளிடம் தருகிறார். கூடவே, எழுத்திலேயே மூழ்கிவிடாதே, அவ்வப்போது தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார் என்கிறார். விபத்துக்கு முன், புத்தகமும் கையுமாக இருந்த மகனிடம் சிஸ்கோ சொன்ன அறிவுரை அது. அப்பாவிடம் வாங்கியதை ஜேக் அப்பாவிடமே திருப்பிக் கட்டவில்லை, முன்பின் தெரியாத ஒரு சின்னப் பெண்ணுக்குக் கொடுக்கிறார். இந்தக் கதையில் அன்பு போகும் திசை இதுதான். தியாகம் என்று சொல்கிறவர்கள் மெலனியைக் கதை கேட்பதற்காக உட்காரவைத்த பாத்திரமாக மட்டுமே பார்க்கிறார்கள்.

காலம் திரும்பிவிட்டதால் எதுவும் நடக்கவில்லை, எனவே எல்லாம் வீண் என்று சொல்கிறவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. சிஸ்கோவுக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் அந்த வீச்சிலிருந்து அவர் விலகித் தப்புகிறார். என்ன ஆயிற்று என்று தெரியாமல் விழிக்கும் மகனைக் கட்டிக்கொள்கிறார். மகனுக்கு ஒன்றும் தெரியாது, சுமை முழுவதும் அப்பாவிடம்.

ஆனால் கொரீனாவின் பக்கத்திலிருந்து வரும் குறையை அவ்வளவு எளிதில் தள்ள மாட்டேன். அவளும் நாக்கும் மெலனியும் வாழ்ந்த ஆண்டுகளை, அவர்களைக் கேட்காமலே, ஜேக் அழித்துவிடுகிறார். கொரீனா அந்த மணவாழ்வில் பட்ட வேதனை மட்டுமல்ல, மகிழ்ச்சியும் அழிகிறது. எபிசோடு இதை நின்று பார்க்காமல் தாண்டிப் போகிறது. இது குறைதான், பெரிய குறை. ஆனால் தியாகக் கட்சிக்கு இது உதவாது. தன்னுடையதை மட்டும் கொடுப்பதுதான் தியாகம். ஜேக் கொடுத்ததில் பாதி மற்றவர்களுடையது. அவரைத் தியாகி என்று வாழ்த்தும்போது, அவர் அருகில் இருந்த பெண்ணின் வாழ்வைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிறோம்.

ஒரு தொலைக்காட்சிக் கதைக்காக ஏன் இத்தனை வாதம் என்று கேட்கலாம். கதைகளைப் புகழும்போது மனிதர்களுக்கான அளவுகோல்களையும் சேர்த்தே செய்துவிடுகிறோம் என்பதால்தான். அப்பா போன துக்கத்தில் படிப்பை விட்டவனை, அம்மாவைத் தனியே விட முடியாது என்று தனக்கென்று எதுவும் தேடிக்கொள்ளாமல் இருந்துவிட்டவளை, தங்கமான பிள்ளை என்று சொல்லிக் கடந்துவிடுகிற ஊர் நம்முடையது. நோயுற்ற பெற்றோரைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வதைப் பற்றி நான் பேசவில்லை. அது மனிதர் செய்ய வேண்டியது, ஜேக்கும் அதைத்தான் செய்திருப்பார். நான் சொல்வது, பெற்றவர் கேட்காதபோதும், வேண்டாம் என்று தடுக்கும்போதும், தன் வாழ்வை நிறுத்திக்கொள்வதே பாசத்துக்கு அத்தாட்சி என்ற நம்பிக்கையைப் பற்றி. அந்த நம்பிக்கைக்கு எதிராக, பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு தகப்பன் பேசிய எபிசோடு இது. அதையே அந்த நம்பிக்கைக்குச் சாட்சியாக நிறுத்துவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சிஸ்கோவாக நடித்தவர் இந்தப் பாத்திரத்தில் எதை முக்கியமாகக் கருதினார் என்பது தொடரின் கடைசி எபிசோடில் தெரியவந்தது. 1999ல் வந்த அதில், கருவுற்றிருக்கும் இரண்டாம் மனைவி கேசிடியை விட்டுவிட்டு, வார்ம்ஹோலில் வாழும் உயிர்களோடு சிஸ்கோ போய்விடுகிறார். இனி வரப்போவதில்லை என்பதாகவே முதலில் படமாக்கியிருந்தார்கள். எவரி ப்ரூக்ஸ் தயாரிப்பாளர் ஐரா ஸ்டீவன் பேருக்குத் தொலைபேசியில் தன் மனக்குறையைச் சொன்னார். கருவுற்ற மனைவியை ஒரு கறுப்பினத்து ஆண் கைவிட்டுப் போவதாக அந்தக் காட்சி ஆகிவிடுகிறது, பிள்ளையை விட்டு ஓடும் கறுப்பினத் தகப்பன் என்று அமெரிக்கத் திரை காலங்காலமாக வளர்த்த பிம்பத்துக்கு நாமும் இரையாகக் கூடாது என்பது அவர் கவலை. ஏழு ஆண்டுகள் மகனைத் தனியாக வளர்த்த தகப்பனாக நடித்துவிட்டு, பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தகப்பன் இல்லாமல் முடிக்க அவர் ஒப்பவில்லை. காட்சி மாற்றி எடுக்கப்பட்டது. எப்போது என்று தெரியாது, ஆனால் திரும்பி வருவேன் என்று சிஸ்கோ கேசிடிக்கு வாக்குக் கொடுக்கிறார்.